அனாமத்துக் கணக்கு

கணக்கைத் தொடங்குமுன்பே அந்த அம்மாள் முடிவுக் கோட்டைப் போட்டுவிடுவார். கரும்பலகையின் அடியில், பற்றுப் பக்கத்துக்கு ஒன்று, வரவுப் பக்கத்துக்கு ஒன்று என்று இரட்டைக் கோடுகள். மர ஸ்கேலை இடது கையால் அழுத்திப் பிடித்து, சாக்பீஸைச் சாய்க்காமல் செங்குத்தாக நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பார். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் ஒரு நூல் நுழையத்தான் இடம் இருக்கும். ஸ்கேலின் விளிம்பில் ஒட்டிய தூளை ஊதிவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார். கோட்டுக்கு மேலே பலகை வெறுமையாக இருக்கும்.

"ம். ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்து இதுமேல நிக்கணும். நிக்குதா பாப்போம்."

நிற்காது. எங்கள் வகுப்பில் யார் எழுந்துபோய்ப் போட்டாலும் நிற்காது. இந்தப் பக்கம் கொஞ்சம் வழியும், அந்தப் பக்கம் கொஞ்சம் குறையும். அவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

கோட்டம்மா என்று பெயர் வைத்தது எங்களுக்கு முந்தைய வகுப்புகளில் யாரோ. முதலாம் ஆண்டுக் கணக்குப்பதிவியல் என்றாலே கோட்டம்மாதான். கல்லூரியில் சேர்ந்த அன்றே சீனியர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து கைகொடுத்தார்கள்.

கேன்டீனில் எங்களுக்கு வேறு பேச்சு கிடையாது. லாரி என்று நாங்கள் கூப்பிடும் நண்பன்தான் (அவன் அப்பா லாரி வைத்திருந்தார்) பெரும்பாலும் ஆரம்பித்துவைப்பான்.

"கோட்டம்மா கேள்வித்தாள் தயாரிக்கலடா, கண்ணி வைக்குது."

"அவங்க சொல்லிக் குடுத்தா ஜென்மத்துக்கும் மறக்காது" என்பாள் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி.

"அடிச்ச அடி கூடத்தான் மறக்காது."

"சரி, அந்தம்மா சிரிச்சா அதை எந்தப் பக்கம் எழுதறது?"

"வரவுதான்."

"வராதேடா. அதானே பிரச்சனை!"

நான் சிரிப்பதோடு சரி. என் இடம் ஜன்னலோரம். பேரேட்டுப் புத்தகத்துக்குள் ஒரு கவிதைத் தொகுப்பு ஒளிந்திருக்கும். ஒருநாள் அவர் வந்து அதை உருவினார்.

"என்ன இது?"

"கவிதை மேடம்."

நாலைந்து பக்கம் புரட்டினார். "பக்கத்துக்குப் பக்கம் பாதி காலியாக் கெடக்கே. மீதியை யாரு எழுதுவா, நானா?"

வகுப்பே மேஜையைத் தட்டியது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அடிக்கவில்லை, வெளியே அனுப்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று தேடுகிறவன் பார்க்கிற பார்வை.

அப்படிப் பார்த்ததில் தெரிந்தவை: காலை முதல் மணிக்கு ஈரத்தலையோடு வருவார். வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. ஆசிரியர் அறையில் அவருடைய மேஜை குடிநீர்த் தொட்டியை ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் பிடிக்க வருகிற ஒவ்வொருவரும் அவர் நாற்காலியை இடித்துவிட்டுத்தான் பிடிப்பார்கள். யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். அவரும் நிமிர மாட்டார். கண்ணாடிக் கதவு போட்ட தனியறை துறைத்தலைவருக்கு. அவர் மூன்றாம் ஆண்டுக்கு மட்டும், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடக்கவிலைப் பாடம் எடுப்பார். மூன்றாம் ஆண்டுக்காரர்கள் அவரைத் தெய்வம் என்பார்கள். தெய்வம் பெரும்பாலும் வகுப்புக்கு வராது என்பது காரணமாக இருக்கலாம்.

இதையெல்லாம் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஆனால் என் கோபம் சில்லறை. முழுக் கோபம் அக்காவுடையது.

அக்கா என்று நாங்கள் கூப்பிட்டவள் எங்கள் வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவள். கல்யாணமாகி ஒரு பையன் இருந்தான். மாலை நேரத்தில் மருந்துக்கடை கல்லாவில் வேலை. முன்பு வேறொரு கல்லூரியில் இதே பாடத்தில் தேறாமல், இங்கே மாறி வந்திருந்தாள். வந்த முதல் நாள் வருகைப் பதிவில் அவள் பெயர் ஏறியிருக்கவில்லை.

"பேரு இல்லையே" என்றார் கோட்டம்மா.

"ஆபீஸ்ல ஏத்தறேன்னு சொன்னாங்க மேடம்."

"எந்தத் தலைப்புலயும் சேராம, எங்கேர்ந்து வந்ததுன்னும் தெரியாம நடுவுல கெடந்தா கணக்குல அதுக்கு என்ன பேரு, தெரியுமா? அனாமத்து. உக்காருங்க அனாமத்து."

பெயர் மறுநாளே ஏறிவிட்டது. ஆனால் கோட்டம்மா வாயில் மட்டுமல்ல, எங்கள் வாயிலும் அவள் அனாமத்து ஆகிவிட்டாள். வயசுக்கு மரியாதை கொடுத்து அனாமத்து அக்கா.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வரவில்லையா? பிழை எங்கே என்று பிடிபடும்வரை வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கு என்று எழுதி ஒதுக்கி வைக்கலாம். புத்தகம் அதை அனுமதிக்கிறது. கோட்டம்மா அனுமதிக்கவில்லை. "தெரியாததுக்கு நீங்களா ஒரு பேர் வைக்காதீங்க. தெரியலன்னா தேடுங்க" என்பார்.

உள்தேர்வு வந்தது. அதில் தேறாதவர்கள் பருவத் தேர்வில் உட்கார முடியாது. அக்காவுக்கு அதைவிட மோசம்: மாறி வந்தவர்கள் உள்தேர்விலேயே தவறினால் கல்லூரி பெயரை நீக்கிவிடும். அவள் வீட்டுக்காரரும் சொல்லிவிட்டாராம், இந்த ஒரு தடவைதான், இதிலும் போனால் படிப்பு என்று பேச்சே எடுக்கக் கூடாது என்று.

தேர்வில் பெரிய கணக்கில் அவளுக்கு ஒரு சின்ன வித்தியாசம் இடித்தது. மணி அடிக்கப்போகிற நேரம். புத்தகத்தில் இருக்கிறதே என்று அனாமத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

விடைத்தாளைக் கோட்டம்மா கையில் உயர்த்திப் பிடித்தார். கணக்கு முழுவதையும் ஒரே கோட்டால் அடித்திருந்தார். அனாமத்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'இது யார்?' என்று கேள்வி.

"பாருங்க, சொந்தக்காரங்களையே கூட்டிட்டு வந்து கணக்குல உக்கார வெச்சிருக்காங்க!"

வகுப்பு சிரித்தது. லாரி சிரித்தான். எனக்கும் உதடு விரிந்துவிட்டது. அக்கா தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு கணக்குக்குக் கிடைத்த பூஜ்யத்தில் தேர்வு போய்விட்டது. பெயர் நீக்கும் உத்தரவு மாதக் கடைசியில் வரும்.

அன்று மாலை தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். அக்கா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள்:

"தம்பி, அந்தம்மாவை அந்த வகுப்பை விட்டுக் கெளப்பாம நான் போகப்போறதில்ல. போறவ போறேன், சும்மா போக மாட்டேன்."

அப்போது கடைப் படியில் கோட்டம்மாவே ஏறினார். கையில் குடை, குடையோடு சேர்த்து மடித்துப் பிடித்த மருந்துச் சீட்டு. நான் சோப்புகள் அடுக்கிய பக்கமாக ஒதுங்கினேன்.

"இதுல ஒரு அட்டை."

அக்கா சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். "தேதி இல்லையே மேடம்."

"மாசாமாசம் வாங்கறதுதான். அப்பாவுக்கு."

"இருக்கலாம். ஆனா டாக்டர் தேதி போடலியே. தெரியாததுக்கு நானா ஒரு தேதி வெச்சுக்க முடியுமா?"

கோட்டம்மா அவளை நேராகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "முடியாது" என்றார். "பரவாயில்ல, நாளை வரைக்கும் வீட்டுல இருக்கு." சீட்டை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் தேதியோடு வந்து வாங்கிக்கொண்டாராம்.

"வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா.

அந்த வாரமே ஆபீஸிலிருந்து ஒரு சீட்டு வந்தது. வருஷத்துக்கொரு முறை துறையில் மாணவர் கருத்துக் கேட்பு என்று ஒன்று நடக்கும். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இருவரைக் கூப்பிட்டு, ஆசிரியர்களைப் பற்றிக் கேட்பார்கள். போகிறவர்கள் பல்லைக் காட்டிவிட்டு வருவார்கள். இந்தமுறை எங்கள் வகுப்பிலிருந்து அக்காவும் நானும்.

"ஆபீஸ்ல கண்ணை மூடிட்டுத்தான் பேர் எடுப்பாங்களாம்" என்றான் லாரி.

"கண்ணை மூடிட்டு எடுத்தவன் கை நல்லாயிருக்கட்டும்" என்றாள் அக்கா. அவள் முகத்தில் விளக்கு போட்டதுபோல் இருந்தது. "நீ பேச வேணாம் தம்பி. நான் சொல்றதுக்கு ஆமான்னா போதும்."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், குறிப்பெடுக்க, முதல்வர் அனுப்பிய ஓர் அதிகாரி.

"சொல்லும்மா, பயப்படாம சொல்லு."

"பயமெல்லாம் இல்ல சார். கோவம்தான்."

அக்கா பேசினாள். கத்தவில்லை, கண்ணீர் விடவில்லை. முதல் நாள் வைத்த பெயரைச் சொன்னாள். புத்தகத்தின் பக்கத்தைத் திறந்து அனாமத்துக் கணக்கைக் காட்டினாள். விடைத்தாளில் இருந்த சிவப்புக் கேள்வியைப் படித்தாள். "இது யார்னு கேட்டிருக்காங்க சார். நான்தான் அதுன்னு வகுப்புக்கே சொல்லியும் குடுத்தாங்க."

தலைவர் நாக்கால் 'ச்சு' கொட்டினார். "என் காதுக்கு இதெல்லாம் வரவே இல்லையேம்மா." என் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற? பேசவே மாட்டேங்கறியே."

என் கவிதைப் புத்தகம், மேஜைகளின் தட்டல், அந்த அடித்த கோடு. எல்லாம் ஒருசேர நினைவுக்கு வந்தன. "ஆமா சார்" என்றேன். "அக்கா சொன்னது எல்லாமே நடந்தது." நான் பேசியது அவ்வளவுதான். ஆனால் அந்த அதிகாரி அதுவரை எழுதாமல் இருந்தவர், அப்போதுதான் பேனாவைத் திறந்தார்.

"சரி, வேற யார் பாடம் எடுத்தா நல்லாயிருக்கும்னு நெனக்கறீங்க?" என்று அவர் கேட்டார்.

அக்கா யோசிக்கவே இல்லை. "சாரே எடுக்கலாமே. சீனியருங்க எல்லாரும் சாரைத் தெய்வம்ங்கறாங்க."

தலைவரின் கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மூக்கில் வந்து விழுந்தது.

"நல்ல யோசனை" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். முதலாம் ஆண்டுக் கணக்குப்பதிவியலை இனித் துறைத்தலைவர் எடுப்பார். மூன்றாம் ஆண்டு அடக்கவிலைப் பாடத்துக்குக் கோட்டம்மா. உள்தேர்வு விடைத்தாள்களை வெளியாள் ஒருவர் திருத்துவார். அந்த வெளியாள் அனாமத்தை ஒப்புக்கொண்டார். அக்கா தேறிவிட்டாள், பெயர் தப்பியது. அவள் வகுப்புக்கே சாக்லேட் கொடுத்தாள்.

"மூணாம் வருஷத்துப் பசங்க கோட்டம்மாவை உரிச்சு உப்புத் தடவிடுவானுங்க" என்று லாரி சப்புக்கொட்டிச் சாப்பிட்டான்.

அக்காவுக்கு அது போதவில்லை. எதிராளி வாடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். என்னையும் இழுத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றாள். கோட்டம்மா வேறு மேஜைக்கு மாறுவதற்காகக் குடிநீர்த் தொட்டியை ஒட்டிய மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"என் பேரு இப்ப ஞாபகம் இருக்கா மேடம்?"

கோட்டம்மா அவளுடைய முழுப்பெயரைச் சொன்னார், அப்பா பெயரையும் சேர்த்து. "நல்லாப் பேசினீங்களாமே" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த முகத்தில் அதை நான் பார்த்தது அப்போதுதான். பல் கொஞ்சம் கோணல்.

திரும்பி வரும்போது அக்கா, "அழுதிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் பார்த்திருந்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த கண்கள். "அழுதிருப்பாங்க அக்கா" என்றேன். அவள் வெற்றியில் நான் ஏன் கை வைக்க வேண்டும்?

தெய்வம் காலை முதல் மணிக்கு மூச்சிரைக்க வந்தது. சட்டையில் ஒரு பொத்தான் தப்பிப் போட்டிருக்கும். பலகையில் கணக்கு எழுதுவார், நடுவில் அழிப்பார், மறுபடி எழுதுவார். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "சார், ரெண்டு பக்கமும் ஒத்து வரலையே" என்பாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொள்வார். "இருக்கட்டும்மா, வித்தியாசத்தை அனாமத்துல போட்டுக்கங்க."

பின் பெஞ்சுகள் ஊளையிடும். அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். அந்த வருஷம் முழுக்க அந்த மனிதரை நாங்கள் ஒருநாள் விடாமல் வறுத்தெடுத்தோம். கோட்டம்மாவிடம் பட்டதற்கெல்லாம் அவரிடம் தீர்த்துக்கொண்டோம். மறு வருஷம் அவரால் அதிலிருந்து கழன்றுகொள்ள முடியவில்லை. மாணவர்களே விரும்பிக் கேட்டது என்று முதல்வர் அறையில் எழுத்தில் இருந்ததாம்.

படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனபோது, ஆபீஸ் அண்ணன் முத்திரை குத்திக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார். "கருத்துக் கேட்புக்கு வந்த பையன்தானே நீ?" என்றார். பிறகு, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார். கோட்டம்மா வருஷக்கணக்காக மூன்றாம் ஆண்டுப் பாடத்தைக் கேட்டு அலைந்தாராம். ஒவ்வொரு தடவையும் துறைத்தலைவர், 'முதலாம் வருஷத்தைக் கட்டி மேய்க்க உங்களை விட்டா யாரு மேடம்?' என்று சிரித்தே திருப்பி அனுப்பினாராம்.

"அந்தத் தடவை நான் பேர் எடுக்கப்போற நேரம் அந்தம்மா என் மேஜைக்கிட்ட வந்து நின்னாங்க. மருந்துக்கடைப் பொண்ணைப் போடுங்க, அது விடாதுன்னாங்க. கூட ஒரு ஆள் வேணுமே மேடம்னேன். ஜன்னலோரம் ஒருத்தன் என்னையே முறைச்சுட்டு உக்காந்திருப்பான், அவனைப் போடுங்க, அவன் வாயே தொறக்க மாட்டான், தொறந்தா எல்லாரும் நம்புவாங்கன்னாங்க."