நாளைய வரியை நேற்றே பார்த்த பாவம்

இன்று காலை ஜெபம் முடித்து, லேப்டாப்பில் மகளை டபுள் கிளிக் செய்தேன்... வரவில்லை!

(மகள் என்றால் மகள் இல்லை. பிரான்சுக்கு வேலைக்குப் போகுமுன் என் செலின் எழுதி வைத்துவிட்டுப் போன குட்டி பைதான் புரோகிராம் ஃபைல். தினமும் திறந்தால் அன்றைய புனிதர் பெயரும், எனக்கென்று அவள் எழுதிய ஒரு வரியும் வரும். "அம்மா, பிரஷர் மாத்திரை போட்டியா?" என்கிற மாதிரி.)

இன்று வரிக்குப் பதிலாக நோட்பேட் திறந்து, ஏதோ இங்கிலீஷாகக் கொட்டியது.

அவள் அதே பைதானில் போட்டுக் கொடுத்த கேஸ் சிலிண்டர் கணக்கு ஃபைலும் அதே கதி!

காரணம் நான்தான். நேற்று ஆசை தாங்காமல், நாளைய வரி என்னவென்று பார்க்க நோட்பேடில் திறந்தேன். அப்போது "ஆல்வேஸ்" என்பதை அழுத்தித் தொலைத்தேன். (பூசைக்கு முன்னால் பலகாரம் தின்றவள் கதை!)

அவளுக்கே போன் போட்டேன்.

"செலினு, நேத்து நோட்பேட்ல தொறந்து பாத்தேன், உன் ஃபைல் செத்துப்போச்சுடி!"

"சாவலம்மா. எதுல தொறக்கணும்னு மறந்துபோச்சு, அவ்ளோதான். ரைட் கிளிக் பண்ணு. ஓப்பன் வித். சூஸ் அனதர் ஆப்."

"இரு இரு, நோட்டுல எழுதிக்கிறேன்."

"எல்லாத்துக்கும் ஒரு நோட்டு! இப்ப பைதான் எடு. ஆல்வேஸ் குடு."

கொடுத்தேன். கறுப்புத் திரையில் வந்தது:

"அம்மா, பெரிய மார்க்கெட் போனா சங்கரா மீன் வாங்கு. எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை."

சிரித்தேன். அப்புறம் மூக்கை உறிஞ்சினேன். அவளுக்குக் கேட்டுவிட்டது.

"ம்மா... நேத்து கீழ வரைக்கும் படிச்சிட்டியா?"

"இல்லடி." (பொய். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.)

கடைசி வரி டிசம்பர் 24-க்கு: "இன்னிக்கி என்னத் தொறக்காத. கதவத் தொற."

"படிச்சிட்ட. தெரியுது. லீவு கெடைக்கும்னு நெனச்சு எழுதினதும்மா. கெடைக்கல. ஈஸ்டருக்குத்தான் வர முடியும். நீயே நோட்பேட்ல தொறந்து தேதிய மாத்திடு, இப்பதான் உனக்குத் தெரியும்ல?"

"ம்."

திறந்தேன். இந்த முறை ஜாக்கிரதையாக "ஜஸ்ட் ஒன்ஸ்". கர்சரை அந்த 24-க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

இரண்டு தட்டு தட்டினால் அழிந்துவிடும்.

அரை மணி நேரம் கர்சர் அங்கேயே மினுங்கிக்கொண்டிருந்தது. சேவ் செய்யாமல் மூடிவிட்டேன்.

லீவு கொடுக்கிறவர்கள் மனசு மாற இன்னும் நாள் இருக்கிறது, இல்லையா?

ஒரு "அருள் நிறைந்த மரியே" சொல்லுங்களேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி!