டாப் கியரும் மேல்காற்றும்

ஒரே கார் ஒரே கோளாறுக்கு மூன்று தடவை என் பட்டறைக்கு வந்தது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியில் பட்டறை போட்டிருந்தேன். இடைசெவல் சங்கரலிங்கம் அண்ணாச்சி பருத்தி விவசாயி. பழைய கார் ஒன்று வைத்திருந்தார். அவர் மனைவிக்குத் தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. வாரம் ஒரு நாள் தூத்துக்குடி டாக்டரிடம் கூட்டிப்போய், மடங்காத முழங்காலை மடக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். டாக்டர் பன்னிரண்டு மணிக்கெல்லாம் எழுந்து போய்விடுவார். காரோ எட்டயபுரம் தாண்டியதும் கொதித்து நின்றுவிடும்.

முதல் தடவை ரேடியேட்டரை இறக்கினேன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு குழாய்களுக்குள் இறுகிக் கிடந்தது. கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன். அடுத்த வாரமும் கொதித்தது. பிறகு வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட் எல்லாம் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் மேற்கே கழுகுமலை ரோட்டில் நானே விரட்டிப் பார்த்தேன். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை.

மூன்றாம் தடவை லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம்.

“வண்டியில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஓட்டுற ஆளுகிட்டதான் கோளாறு” என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “மூணு வாரமா டாக்டரப் பாக்க முடியல தம்பி. இன்னும் விட்டா காலு மடங்காமயே போயிரும்ங்காரு. அவளும் இனிமே வரமாட்டேங்கா. நடுரோட்டுல நின்னா போறவன் வாரவன்லாம் வண்டிக்குள்ள எட்டிப் பாக்கான், எனக்கு வேண்டாம்ங்கா.”

சொன்ன சொல்லைத் திரும்ப அள்ள முடியுமா? “மதினியக் கூட்டிட்டு வாங்க. இந்த வாரம் நானும் வாரேன்” என்றேன்.

ஆடி மாதம். எட்டு மணிக்குக் கிளம்பினோம். மதினி பின் சீட்டில் தலையணை வைத்துக் காலை நீட்டியிருந்தார். ஊரைத் தாண்டியதும் அண்ணாச்சி டாப் கியர் போட்டார். அதன்பிறகு கியரில் கை வைக்கவே இல்லை. மாற்றினால் அந்தக் கார் ஒரு வெட்டு வெட்டும். வேகம் மணிக்குப் பதினைந்து மைலைத் தாண்டவில்லை. கரிசல் மண் உள்வாங்கி ரோடு மேடும் பள்ளமுமாகக் கிடந்தது.

“ஏளா, வலிக்கா?”

“இல்ல. நீங்க ரோட்டப் பாருங்க.”

ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணாச்சியின் இதே கேள்வி, மதினியின் இதே பதில்.

எட்டயபுரம் தாண்டியதும் முள் ஏறத் தொடங்கியது. நிறுத்தச் சொல்லி இறங்கினேன். என் தோள் துண்டைக் காற்று பிடுங்கி, காருக்கு முன்னால் கிழக்கே கொண்டுபோனது. அதைத் துரத்திப் பிடித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கார் கிழக்கே பதினைந்து மைலில் போகிறது. மேற்கிலிருந்து அடிக்கும் ஆடி மேல்காற்றும் பின்னாலிருந்து ஏறக்குறைய அதே வேகத்தில் வருகிறது. ரேடியேட்டருக்குள் காற்று எங்கே நுழையும்? டாப் கியரில் எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் ஃபேனும் பம்ப்பும் சோம்பிக் கிடக்கின்றன. நானோ காற்றை எதிர்த்து நாற்பது மைலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இம்புட்டு மெதுவா ஏன் ஓட்டுதீங்க? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?”

அவர் என்னைக் காரைவிட்டுச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். “வேகமாப் போனா குலுங்கும் தம்பி, அவ தாங்கமாட்டா. தனக்காகத்தான் இம்புட்டுப் பாடுன்னு தெரிஞ்சா வரமாட்டா. வண்டி இதுக்கு மேல ஓடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

காற்று எங்கள் பேச்சைக் கொண்டுபோய்விடும் என்று நினைத்தார். மதினிக்குக் கேட்டுவிட்டது.

“வண்டிக்கு வயசாயிட்டுன்னு இவிய சொன்னத நம்பி, நா வண்டியப்போயி ஏசிக்கிட்டு வந்தேனே தம்பி” என்றார். சிரித்தார், ஆனால் கண் நிறைந்திருந்தது.

காரைத் திருப்பி, காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் முள் இறங்கியது. பிறகு அதே பதினைந்து மைல், தேர்ட் கியரில். எஞ்சின் வேகமாகச் சுற்றியது, ஃபேனும் சுற்றியது. சத்தம் மட்டும் அதிகம்.

“ஏளா, சத்தம் ரொம்பவா இருக்கா?”

“இருந்துட்டுப் போகுது. நீங்க இப்பிடியே ஓட்டுங்க.”

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் காலை மடக்கியபோது மதினி போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. அண்ணாச்சி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் போகாத என் கையை அதற்கு முன் யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

பிறகு காற்று சிதறாமலிருக்க ஃபேனைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு அடித்துக் கொடுத்தேன். ஆனால் நான் கற்றுக்கொண்டது அந்தக் கூடு அல்ல. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால், அந்த ஆளோடு அவர் போகிற ரோட்டில் ஒரு தடவை போய் வாருங்கள். யாருக்காக அப்படி ஓட்டுகிறார் என்பதை எந்த மீட்டரும் காட்டாது.