ரோமுவால்டை நீக்கப் புறப்பட்ட பயணம்

ரோமுவால்ட் கெம்பா போலந்தில் லூப்லின் நகரத்து டிராலி பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அந்த வேலை பார்ப்பவனை ஊரில் எவனுக்கும் பிடிக்காது. அவரும் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதில்லை. ஓய்வு பெற்ற கையோடு எங்கள் சைக்கிள் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டார். யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது. ஒருநாள் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று விசில் ஊதினார், நாங்கள் பின்னால் போனோம். அன்றைக்குப் பிடித்த சனி, மாதம் ஒரு சனிக்கிழமை எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

ரயிலில் சைக்கிளைக் கொக்கியில் மாட்டினால் ஹேண்டில் ஜன்னல் பக்கம்தான் பார்க்க வேண்டும். அவித்த முட்டையை நகர எல்லை தாண்டிய பிறகுதான் உரிக்க வேண்டும். நானும் ஒரு பல் டாக்டர், எனக்கும் நாலு பேர் மரியாதை கொடுக்கிறார்கள், ஆனால் அவர் முன்னால் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதிக்குக் காத்திருப்பேன். வெட்கக்கேடு!

போன வருஷம் பேக்கரிக்காரர் திதுஸுக்குக் காட்டு நடுவில் பஞ்சர். "பஞ்சர் ஒட்டத் தெரியாதவனுக்கு சைக்கிள் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மனுஷன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். இந்த மே மாதம் அவருடைய பழைய வரைபடத்தை நம்பிப் போய்ச் சதுப்பில் முழங்கால் வரை இறங்கினோம். வங்கியில் வேலை பார்க்கும் சபீனா செல்போனைக் காட்டி, "சார், இந்தப் பாதையே இப்ப இல்லை, இடது பக்கம் போகணும்" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டாள். "போனுக்கு என்னம்மா தெரியும்? அது என்னிக்காவது சைக்கிள் ஓட்டியிருக்கா?" என்றார்.

அத்தோடு பொறுமை போய்விட்டது. அவருக்குத் தெரியாமல் கூடிப் பேசினோம். இனி சபீனாதான் தலைவர். ஜூன் மாதப் பயணம் முடிந்து, திரும்பும் ரயில் வருவதற்குள் ரோமுவால்டிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பூனைக்கு யார் மணி கட்டுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன், நான்தான் கிடைச்சேனா?" என்றேன்.

"டாக்டர், நீங்கதான் லாயக்கு. வலிக்காது வலிக்காதுன்னு சொல்லியே ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கினவர் ஆச்சே!" என்றார் திதுஸ்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலை ரயில் ஏறினோம். ரோமுவால்டையும் சேர்த்து ஆண்கள் ஆறு பேர், கூட சபீனா. போகும்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "டாக்டரே, முட்டைத் தோலைக் கீழே போடாதீங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

கேட்டால் மட்டும் வண்டி நிற்கும் ஒரு சின்ன நிறுத்தத்தில் இறங்கி, கோதுமை வயல்களுக்கு நடுவே மணல் பாதையில் மிதித்தோம். மதியச் சாப்பாடு ஒல்ஷான்கா கிராமத்தில், அப்போலோனியா அம்மாள் வீட்டில். முன்னாலேயே போன் போட்டு ஏழு பேருக்குச் சொல்லி வைத்திருந்தார் ரோமுவால்ட். பசி காதை அடைக்கப் போய் இறங்கினால், அந்த அம்மாள் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி வாசலில் நிற்கிறார்.

"வந்துட்டீங்களா? கோழி சூப்பு அடுப்பிலேயே இருக்கு. கொஞ்ச நேரம் பொறுத்துக்கணும் ஐயா. தம்பியை அடக்கம் பண்ணிட்டு வந்து பரிமாறிடறேன்" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ஐயோ, என்னம்மா இது! எங்களை வர வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே!" என்றாள் சபீனா.

"புதன்கிழமைதான் போனான். உங்களுக்கு அதுக்கு முன்னாடியே வாக்குக் கொடுத்துட்டேனே, எப்படி மாத்தறது?"

முன்னறையில் பெட்டி மூடித் தயாராக இருந்தது. பங்குச் சாமியார் முற்றத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போலோனியாவின் மகன்கள் இரண்டு பேர் காளை மாதிரி நின்றார்கள், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ரத்த சொந்தம் பெட்டிக்குத் தோள் கொடுக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் தூக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த அக்கம்பக்கத்தார்தான் ஒருத்தரையும் காணோம்.

"எப்படி வருவாங்க?" அந்த அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார். "வரப்புல ஒரு சாண் போச்சுன்னு ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம கோர்ட்டுக்கு இழுத்தான் என் ஹியரோனிம். எல்லாக் கேஸும் ஜெயிச்சான். தன்னைத் தூக்க ஆறு பேர் வேணும்னு மட்டும் அவனுக்குத் தோணலை. ஆயிரம் இருந்தாலும் என் தம்பியாச்சே. அவனை மூட்டை மாதிரி வண்டியில போட்டுத் தள்ளிட்டுப் போக எனக்கு மனசு வரலை."

எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை.

ரோமுவால்ட் ஹெல்மெட்டைக் கழற்றினார். "ஆம்பளைங்க என்னோட சேர்த்து ஆறு பேர். சரியா இருக்கு. கழட்டுங்கய்யா ஹெல்மெட்டை" என்றார்.

"சார், நாம இருக்கிற கோலத்துல..." என்று இழுத்தார் திதுஸ். தொடையை இறுக்கிப் பிடிக்கும் கறுப்பு அரைக்கால் சட்டை, மேலே கண்ணைக் குத்தும் மஞ்சள் மேலாடை. சாமியார் எங்கள் தொடைகளைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். கடவுள் ஆட்சேபிக்கவில்லை போலும், தலையை அசைத்தார்.

தூக்கினோம். ஹியரோனிம் நல்ல கனம். வாசல்படிக்கு வந்ததும் ரோமுவால்ட், "நில்லுங்க. மூணு தடவை இறக்கித் தொடணும். வீட்டுக்கிட்ட விடை சொல்லாம போகக் கூடாது" என்றார். பெட்டியின் அடியைப் படியில் மூன்று முறை தட்டினோம். அப்போலோனியா வாயில் தலைத்துணியின் நுனியை அடைத்துக்கொண்டு விம்மினார். சிலுவை பிடிக்கவும் ஆளில்லாததால் அதைச் சபீனா வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கல்லறைத் தோட்டம் மேட்டில். பாதை முழுக்க மணல். சாமியாரின் ஜெபமும் ரோமுவால்டின் அதட்டலும் மாறி மாறிக் கேட்டன.

"டாக்டரே, இதுக்குப் பேர் நடையா? உள்ளே இருக்கிறவர் இறங்கி நடந்தா உங்களை முந்திடுவார். திதுஸ், தோளைத் தூக்கு! குனிஞ்சு குனிஞ்சு காசு தேடறியா?"

பாதி வழியில் அதட்டல் நின்றுபோனது. மூச்சு வாங்குகிறதோ என்று எட்டிப் பார்த்தேன். மனுஷன் தெருவில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு ஜன்னலிலும் ஆள் நிழல் தெரிந்தது, ஒருத்தரும் வாசலுக்கு வரவில்லை. அவர் முகத்தில் பயம் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

அடக்கம் முடிந்து வந்து ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சூப்பு, பன்றிக் கறி வறுவல், புது உருளைக்கிழங்கு. அப்போலோனியா எங்களோடேயே உட்கார்ந்து, தம்பி சின்ன வயசில் குளத்தில் விழுந்த கதையைச் சொல்லி அழுதுகொண்டே சிரித்தார். ரோமுவால்ட் உப்பு குறைச்சல் என்று சொல்லவில்லை, கிழங்கு வேகவில்லை என்று சொல்லவில்லை. "இவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று திதுஸ் என் காதில் கேட்டார்.

சாயங்காலம் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். பெஞ்சில் ரோமுவால்ட், பக்கத்தில் நான். திதுஸ் முழங்கையால் இடித்தார். சபீனா கண்ணால் ஜாடை காட்டினாள். இனியும் தள்ளிப்போட முடியாது.

"ரோமுவால்ட் சார், உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க டாக்டரே, முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன். என் பையன் நார்வேயில இருக்கான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் வரும். சொந்தக்காரன் தூக்கலாமா கூடாதாங்கிற பிரச்சினையே எனக்குக் கிடையாது. அக்கம்பக்கம்னு பார்த்தா, என் கட்டடத்துல பாதிப் பேர் என்கிட்ட டிக்கெட் இல்லாம மாட்டினவங்க. ஒருத்தன் வரமாட்டான்." சைக்கிள் கையுறையை உருவி மடியில் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு அந்த ஜன்னலையெல்லாம் பார்த்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்லை. எனக்கு வேற யாருமில்லைய்யா. நீங்கதான்."

அவருக்கு எங்கள் மௌனம் சம்மதம். உடனே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

"முன்னாடி இடது பக்கம் நீங்க. நடை மோசம், ஆனா தோள் நேரா இருக்கு. திதுஸ் நடுவுல. ஆள் குள்ளம், தோள்ல ஒரு தலையணை வெச்சுக்கட்டும். என்னோட சேர்த்து ஆறு பேர்னா, என்னைக் கழிச்சா அஞ்சுதான் வருது. இன்னும் ஒருத்தரைச் சீக்கிரம் சங்கத்துல சேர்க்கணும்."

"அப்ப நான்?" என்றாள் சபீனா.

"சிலுவையைப் பிடிச்சுக்கிட்டு நீ முன்னாடி போம்மா. உனக்குத்தான் வழி தெரியும்."

சபீனா அந்தப் பக்கம் திரும்பி, சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தாள். தூரத்தில் ரயில் விளக்கு தெரிந்தது. ரோமுவால்ட் எழுந்து, வண்டியை நிறுத்தக் கையை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே டாக்டரே?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லை சார். எனக்கு ஒரு மச்சான் இருக்கான். சைக்கிள் ஓட்டுவான். சேர்த்துக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"உயரம் எவ்வளவு?" என்றார்.