தொழிற்சாலையின் இரண்டாவது கதவு

காலை 7.20க்குப் பதுளையிலிருந்து பசறை பஸ் புறப்பட்டது. பதினெட்டு கிலோமீற்றர் அளவு, சீட்டு தொண்ணூறு ரூபாய். பசறைக்கு முன்பே இறங்கி, வழியிலுள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றிப்பார்ப்பதாகத் திட்டம். மடியில் ஒரு நாவல் இருந்தது, பத்திரிகைக்கு மதிப்புரை எழுத வேண்டியது. அதன் நாயகி தாவரவியலாளர். ஆண்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் ஆய்வுக் கூட்டத்தில் அவளைத் தேநீர் ஊற்றச் சொல்கிறார்கள். அவள் எழுந்து வெளியேறுகிறாள். மதிப்புரையில் பாராட்டி எழுத அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தேன்.

பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்துக் கதை கேட்டாள். பெயர் சத்யா. பசறைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள், இரசாயனவியல் பட்டதாரி. நான் போகும் அதே தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரின் உதவியாளர் பயிற்சிக்கு அன்று முதல் நாள். ஒன்பது மணிக்கு மேல்மாடியில் டீமேக்கர் முன் நிற்க வேண்டும், பிந்தினால் இடம் அடுத்தவருக்கு என்று கடிதத்தில் இருந்தது.

கதையைச் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நானா இருந்தா வெளிய போக மாட்டேன்க்கா. போயிட்டா அவங்களுக்குத்தானே சௌகரியம்."

"ரெண்டு பேரும் படிச்சுக்கிட்டே எறங்க மறந்துறாதீங்க," என்றார் கண்டக்டர்.

8.05க்கு இறங்கினோம். ஏற்றத்தில் இருபது நிமிட நடை. வாசலில் எனக்கு ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு கிழித்த காவல்காரர், சத்யாவின் கடிதத்தைப் பிரிக்காமலே மேசையில் வைத்தார். புதிதாக வரும் பெண்பிள்ளைகளுக்குப் பின்பக்கக் கதவு என்றார். அவள் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை.

8.50க்கு சுற்றிப்பார்க்க வந்த எங்கள் சிலரை வழிகாட்டி தூள் பிரிக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். தலையில் துணி கட்டிய பெண்கள் தேயிலைத் தூளிலிருந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, அதே துணியோடு சத்யா; பின்கதவால் வந்தவளைக் கூலிக்கு வந்தவள் என்று நினைத்து உட்காரவைத்திருந்தார்கள். தான் யாரென்று அவள் சொன்னதும் அறை சிரித்திருக்கிறது. "டீமேக்கருக்கே பொம்பளை அசிஸ்டனா? அப்ப நாளைக்கு நான் தோட்டத்துக்கே தொரை," என்றாளாம் ஒருத்தி.

மேல்மாடிக்கு இரண்டு வழி. வெளியே போய் வாசலைச் சுற்றி, மறுபடி அதே காவல்காரரைத் தாண்டுவது ஒன்று. இலை அரைக்கும் இயந்திரக் கூடத்தின் ஊடாகப் போவது மற்றது. அது ஆண்கள் வேலை செய்யும் இடம், பெண்கள் அதில் கால் வைப்பதில்லை. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, வழக்கம்தான்.

சத்யா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். வாசல் பக்கம் திரும்பினாள், நின்றாள்.

"அங்க போனா அவன் திரும்ப இங்கதான் அனுப்புவான்," என்றார் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்த மாரியாயி, தலை நிமிராமல். "கூடத்துக்குள்ளாலயே போ புள்ள. யாரும் கடிக்க மாட்டாங்க."

அவள் போனாள். இயந்திரங்களருகே நின்றவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். யாரும் மறிக்கவில்லை. பெண்கள் கதவோரம் வந்து நின்றார்கள், அவள் படியேறும்வரை.

வழிகாட்டியோடு நாங்களும் அவள் பின்னால் மேலே போய்ச் சேர்ந்தபோது ஒன்பதாக ஒரு நிமிடம் இருந்தது. வாடப்போட்ட இலையில் ஒரு பிடி அள்ளி டீமேக்கர் அவளிடம் நீட்டினார். அவள் இறுக்கிப் பிடித்து, கையை விரித்துப் பார்த்தாள். இன்னும் ஈரம் இருக்கிறது, ஒரு மணி நேரமாவது போகட்டும் என்றாள். அவரும் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பதிவுப் புத்தகத்தைத் திறந்து அவள் பெயரைக் கேட்டார்.

பதினொன்றரை பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பும்போது நாவலைத் திறந்தேன். மடித்து வைத்திருந்த மூலையை நிமிர்த்திவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினேன்.