அப்பா கொளுத்திய இலைமெத்தை

அந்த இலையைக் கசக்கினால் ஒரு மணம் வரும். கற்பூரமும் இல்லை, மாங்காய்ப் பாலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே, மூக்கின் உள்ளே ஏறி ஒட்டிக்கொள்கிற ஒரு பிசின் மணம். லிட்கமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் இந்த நாட்டில் இலை உதிர்கிற ஏப்ரல் மாதம் முழுவதும் அந்த மணம்தான். மரம் எங்களுடையதல்ல, பக்கத்து வீட்டு நசீமா அன்ரியுடையது. அடிமரம் அவருடைய பக்கம், கிளைகளெல்லாம் எங்கள் பக்கம். ஐந்து முனை நட்சத்திரம் போன்ற இலைகள் சிவப்பாகவும் மஞ்சளாகவும் ஊதாவாகவும் எங்கள் புல்லில் வந்து விழும். அவற்றோடு சேர்ந்து விழும் உருண்டைக் காய்களுக்கு நாங்கள் வைத்த பெயர் "முள்ளுக்காய்". வெறுங்காலால் மிதித்தவர்களுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்லத் தேவையில்லை.

போன வாரம் என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இலையுதிர் காலத்தில் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற விளையாட்டுகள் என்று தலைப்பு. மூன்று முதல் ஐந்து வயது வரை இலையில் வர்ணம் பூசிக் காகிதத்தில் ஒற்றலாம். ஆறு முதல் ஒன்பது வரை இலைகளை வகை பிரித்துப் பெயர் எழுதலாம். பத்துக்கு மேல் போனவர்கள் இலை விழுவதைப் பார்த்தபோது தங்கள் மனதில் தோன்றியதை எழுதலாம். முழுத் தாளையும் இரண்டு தரம் வாசித்தேன். எந்த இடத்திலும் ஒரு பிள்ளை எதன்மேலிருந்தும் எதற்குள்ளும் விழவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்கு ஆத்திரம் வர அதிக நேரம் எடுப்பதில்லை, அது வேறு விஷயம்.

எங்களிடமும் வயதுக்கேற்ற விளையாட்டு இருந்தது. அதை எந்த ஆசிரியரும் எழுதித் தரவில்லை, பதின்மூன்று வயது அக்கா சட்டமாகப் போட்டிருந்தாள். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து இலைகளைக் கூட்டி வளவின் நடுவே குவிப்போம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் "மெத்தை", அம்மா வைத்த பெயர் "குப்பைமலை". ஐந்து வயதுக்குக் கீழே என்றால் தரையில் ஓடி வந்து விழலாம். ஐந்திலிருந்து ஒன்பது வரை பின்வாசலின் இரண்டாவது படியிலிருந்து பாயலாம். ஒன்பது நிறைந்தால் அடுப்பு. முன்பு அந்த வீட்டில் இருந்த யாரோ இறைச்சி சுடுவதற்கென்று செங்கல்லால் கட்டிவிட்டுப் போன பெரிய அடுப்பு அது. அம்மா ஒருநாளும் அதில் சமைத்ததில்லை, அதனால் அது எங்களுடையதாகிவிட்டது. அதன் மேலே ஏறி நின்றால் வேலிக்கு அப்பால் நசீமா அன்ரியின் உடுப்புக் கொடியும், அதற்கும் அப்பால் ரயில் கம்பிகளும் தெரியும் என்று அக்கா சொல்லுவாள். சொல்லிவிட்டு, பின்பக்கமாக, இலைக்குள் விழுவாள். நான்கு வயதுத் தம்பி குகன் தரையில் உருளுவான். நான் படியில் நிற்பேன். நான்கு இலையுதிர் காலங்கள் அந்தப் படியில் நின்றேன். ஒருதரம் களவாக அடுப்பில் ஏறப்போனபோது அக்கா என் காலைப் பிடித்து இழுத்து, "உனக்கு வயசு வரேல்ல, இறங்கடி" என்றாள். அந்த நான்காவது வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்பது முடிகிறது. அந்த நாளுக்காகத்தான் நான் குவித்தேன்.

எங்கள் வளவு இலை போதாதென்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவோரத்து இலைகளையும் அரிசிப் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு அதுதான் பெரிய அவமானம். விடிந்ததும் முற்றம் கூட்டாத வீடு வீடே இல்லை என்று வளர்ந்தவர் அவர். ஊரிலிருந்து பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த ஈர்க்கு விளக்குமாறு ஒன்று அவரிடம் இருந்தது. தெருவில் உள்ள மற்றவர்கள் எல்லோரும் தங்கள் இலையைப் பச்சைக் குப்பைத் தொட்டியில் போட்டு வெளியே அனுப்ப, தன் மகள் மட்டும் ஊர்க் குப்பையை உள்ளே கொண்டுவருகிறாள். "ஆரும் கேட்டா என்ன சொல்லுறது? குப்பை பொறுக்கிற பிள்ளையெண்டோ?" என்று என்னைக் கேட்பார். பிறகு அப்பாவைக் கேட்பார். ஒவ்வொரு நாளும், சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது, "உந்தக் குப்பைமலைக்கு ஒரு வழி பாருங்கோவன்" என்பார். அப்பா தலையை ஆட்டுவார். எங்களுக்குத் தெரிந்தவரை அப்பா எதற்கும் தலையை ஆட்டுகிறவர். அதனால் யாரும் பயப்படவில்லை.

பிறந்தநாளுக்கு முதல் நாள் சனிக்கிழமை. நாங்கள் மூவரும் அம்மாவோடு தமிழ்ப் பள்ளிக்குப் போய்விட்டோம். அப்பாவுக்கு அன்று வேலை இல்லை. வீட்டில் தனியாக இருந்த மனிதர், மனைவியைச் சந்தோஷப்படுத்த நினைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவரும் ஒரு இலைக்குவியலைக் கண்டால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். நெருப்பு வைத்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. வளவு முழுக்கப் புகை. யாரோ அயலவர் போன் செய்திருக்கிறார். சாரத்தை மடித்துக் கட்டிய அப்பா, ஒரு கையில் தண்ணீர்க் குழாயோடு, தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான ஒரு தீயணைப்பு வீரரைப் பார்த்து "சொறி சேர், சொறி சேர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு நிமிடம் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, "வளவில அவ்வளவு பெரிய அடுப்பு நிக்குது, அதை விட்டிட்டு நடு முத்தத்திலயோ கொளுத்தினியள்?" என்றார். நசீமா அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நல்லவேள, என்ட மரம் தப்பிச்சி" என்றார்.

தம்பியை வண்டியில் ஏற்றித் தலைக்கவசம் போட்டுவிட்டார்கள். நான்கு வயதுக்கு அதைவிட நல்ல இலையுதிர்கால விளையாட்டு உலகத்தில் இல்லை. அக்காவின் வகுப்புப் பையன் ஒருவன் எதிர்ப்பக்கத்தில் சைக்கிளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், பதின்மூன்று வயதுக்கு ஏற்றது அது. நான் சாம்பலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஐந்து வாரத்து இலை, ஒரு கூடை சாம்பல்.

அப்பா வந்து பக்கத்தில் நின்றார். "மணத்தைப் பாத்தியே பிள்ளை, ஊரில விடியக்காலமை இப்பிடித்தான் மணக்கும்" என்றார். சமாதானமாகச் சொன்னாராம். நான் அவரைப் பார்த்து, "நீங்கள் ஒரு மடையன்" என்றேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சொல்லை அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை. அம்மாவின் கை ஓங்கியது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "விடு" என்றார். "அவளுக்கு நாளைக்கு அடுப்பு. நான் மறந்திட்டன்."

அவருக்கு அது தெரிந்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

தபால்காரரோடு பேசுவதற்கும் அக்காவை முன்னால் அனுப்புகிறவர் அப்பா. அன்று மத்தியானம் நான்கு அரிசிப் பைகளை எடுத்துக்கொண்டு தனியாகத் தெருவுக்குப் போனார். ஒவ்வொரு கதவாகத் தட்டி, தன் அரைகுறை ஆங்கிலத்தில், மகளின் பிறந்தநாளுக்கு இலை வேண்டும் என்று கேட்டார். காலையில் புகை மூட்டிய அதே மனிதர். இரண்டாவது பையோடு திரும்பி வந்தபோது, "இன்னும் கொளுத்தவோ எண்டு கேக்கினம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடி போனார். சிலர் கதவைச் சாத்தினார்கள், சிலர் பச்சைத் தொட்டியைத் திறந்து காட்டினார்கள். நசீமா அன்ரி தன் பக்கத்து இலை எல்லாவற்றையும் கூட்டி வேலிக்கு மேலால் கொட்டினார். "அள்ளிக்கங்க, எனக்கும் கூட்டுற வேல மிச்சம்" என்றார்.

அப்படியும் முழங்கால் உயரம்தான் வந்தது. காலையில் எழுந்து பார்த்தபோது இலைக்கு அடியில் தம்பியின் மெத்தை கிடந்தது. அம்மா போட்டிருக்கிறார். "இவன் மூத்திரம் பெஞ்ச மெத்தைதானே, கிடக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

நான் அடுப்பில் ஏறினேன். அக்கா சொன்னது சரி, ரயில் கம்பிகள் தெரிந்தன. கீழே பார்த்தேன். இவ்வளவு உயரமா? அப்பா முன்னால் வந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, பிடிக்கத் தயாராக நின்றார். எனக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. "கையை எடுங்கோ" என்றேன். அவர் எடுக்கவில்லை. "கையை எடுத்தாத்தான் பாய்வன்." அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் பாய்ந்தேன். ஒரு முள்ளுக்காய் முழங்கையைக் கிழித்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. மடையன் என்று சொன்னதற்கு நான் அன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. இருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு. வேர் குழாயை உடைக்கிறது என்று மரத்தை வெட்டினார்கள், அடுப்பை இடித்தார்கள். இப்போது அந்தத் தெருவில் இலை விழுந்து அரைமணி நேரம் கிடப்பதில்லை. காதை மூடிய ஒரு ஆள் இரைச்சல் போடும் இயந்திரத்தோடு வந்து ஊதித் தள்ளிவிடுகிறான். எதை அவ்வளவு அவசரமாகத் துரத்துகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவும் அம்மாவும் பரமட்டாவில் ஐந்தாம் மாடியில் இருக்கிறார்கள். அம்மா காலையில் எழும்பி, ஒரு இலையும் விழாத பால்கனியைக் கூட்டுகிறார்.

என் மகளுக்குப் போன ஞாயிறு ஒன்பது முடிந்தது. பள்ளிக்கூடத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்பா அம்மா உட்பட எல்லோரையும் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே விழுவது வேறு மரத்து இலை, கசக்கினால் மணமே இல்லை. இருந்தாலும் குவித்தோம். பக்கத்தில் இருந்த கல்மதிலில் அவள் ஏறி நின்று, கீழே பார்த்து, "இட்ஸ் டூ ஹை, அம்மப்பா" என்றாள். "நான் நிக்கிறன், பாய் பிள்ளை" என்றார் அப்பா.

அவர் கைகளை நீட்டவில்லை. யாரும் சொல்லாமலே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுப்பின் மேல் நின்ற எனக்கு அன்று அவருடைய முகம் மட்டும்தான் தெரிந்தது. இந்தமுறை நான் அவருக்குப் பின்னால் நின்றேன். ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டை, முன்னால் போய்விடாதபடி, விரல்கள் வெளுக்கும் வரை இறுக்கிப் பிடித்திருந்தது.