அகலத் திரையில் முப்பத்திரண்டு நாய்கள்

வேலை பார்த்த இடத்தில் அவளுக்கு ராங்கி என்று பெயர். யாராவது ‘முடியாது’ என்றால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த வேலையை உதறிவிட்டு, அண்ணனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருஷமாக ஒரு வீடியோ கேம் செய்தாள். படம் அண்ணன், புரோகிராம் இவள். தபால்காரி ஒருத்தி தெருத்தெருவாக ஓடிக் கடிதம் போடுவாள். திடீர் திடீரென்று நாய் பாயும். பக்கவாட்டில் மட்டும் நகரும் தட்டைப் படம்தான், ஆனால் விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் அலறினார்கள்.

கேம் வெளியிடும் நிறுவனத்து மேலாளரம்மா வெள்ளிக்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் கேம் வெளிவரும்; இல்லையென்றால் இரண்டு வருஷமும் பாழ். அவர் மேசையில் இருப்பதோ, சாதாரணத் திரை இரண்டை ஒட்டவைத்த அகலத்துக்கு ஒரு மானிட்டர். “எந்த ஸ்கிரீன்லயும் ஓடும் மேடம்” என்று ராங்கி அடித்துச் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை காலை, மாடியில் இருந்த வீடியோ எடிட்டரிடம் அப்படியொரு மானிட்டரை இரவல் வாங்கி மாட்டினார்கள். அடக் கண்றாவியே! சாதாரணத் திரையில் ஓரத்துக்கு வெளியே ஒளிந்திருக்கும் நாய்கள் இதில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தன. தபால்காரி நெருங்கும்வரை, வாயைப் பிளந்துகொண்டு அந்தரத்தில் அசையாமல் நின்றன.

“ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போட்டு மறைச்சிடு” என்றான் அண்ணன்.

“ஆசையா அகலமா வாங்கி வச்சிருக்கிறவங்களுக்குக் கறுப்புப் பட்டையைக் காட்டவா?”

“அப்போ படத்தை இழுத்து விடு.”

“இழுத்தா தபால்காரி பூசணிக்கா ஆயிடுவாண்ணா.”

“நாளைக்குக் காலையில போகணும்டி! மானம் போயிடும்.”

“ஒண்ணும் போகாது. நீ நாயைத் தூங்க வை, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

அண்ணன் முறைத்தான். முறைத்துக்கொண்டே, சுருண்டு படுத்த நாயை வரைந்தான். வயிறு ஏறி இறங்க மூன்றே படம். பாயும் நேரம் வரும்வரை நாய் தூங்கட்டும் என்று இவள் புரோகிராமை மாற்றினாள். நாலு மணிக்குள் முப்பத்திரண்டு நாய்களும் உறங்கின.

“எல்லாம் சரி. முன்னாடியே தெரிஞ்சா எவன் பயப்படுவான்?” என்றான் அண்ணன்.

“நாளைக்குப் பாரு” என்றாள். அந்தக் கேள்வி அவளையும் உள்ளுக்குள் அரித்தது. ஆனால் வாயைத் திறப்பாளா?

மறுநாள் மேலாளரம்மா முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டு விளையாட உட்கார்ந்தார். தபால்காரி தடதடவென்று ஓடினாள். வலது கோடியில் முதல் நாய் தெரிந்ததும் அவர் விரல் சட்டென்று நின்றது. தபால்காரியும் நின்றாள். பிறகு, ஒவ்வோர் அடியாக அவளை நகர்த்தினார்.

பின்னால் அண்ணன் இருமினான்.

“ஷ்ஷ்!” என்று திரும்பாமலே அதட்டினார் மேலாளரம்மா. “நாய் முழிச்சுக்கும்.”