கொண்டை ஊசியில் ஓடிய கார்

எங்கள் காரில் கிளச்சு மிதி இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட பறங்கியர் குடும்பமொன்றிடம் அப்பா வாங்கிய அந்தப் பழைய இங்கிலாந்துக் கார், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். ஒரு காலுக்கு வேலையில்லாத கார் என்று அயலவர்கள் அதைப் பகிடி பண்ணுவார்கள்.

அக்சிலேட்டர் மிதியோடு அசையும் மெல்லிய கேபிளொன்று கியர் பெட்டிவரை ஓடியது. கிக்டவுன் கேபிள் என்பார் அப்பா. மிதியை அடிவரை அழுத்தினால், பாரம் கூடிவிட்டதென்று அது பெட்டிக்கு உணர்த்தும். பெட்டி ஒரு கியர் இறங்கும். எஞ்சின் வீரிட்டபடி இழுக்கும்.

அந்த வீரிடல்தான் வினையானது. யுத்தம் நடந்த காலம். ஒருநாள் சோதனைச் சாவடியைக் கடந்ததும் அப்பா அவசரப்பட்டு மிதித்துவிட்டார். காவலில் நின்ற ஆமிக்காரர் துப்பாக்கியை எங்கள் பக்கம் திருப்பினார். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அப்பா, கேபிளின் நுனியைக் கொளுவி வைத்திருந்த சிறிய ஊசியைக் கழற்றி எறிந்தார். கார் சாதுவாக ஓடியது. அம்மா மறுபடியும் முன் இருக்கையில் கண்ணயரத் தொடங்கினார்.

மண்டூரில் பெரியம்மா வீட்டில் நின்றபோது தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா என்று பயந்தார்கள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இருட்டினால் சாவடிகளை மூடிவிடுவார்கள். வாவியில் வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவையைப் ‘பாதை’ என்பது எங்கள் வழக்கம். பாதையில் அக்கரை சேர்ந்து, ஈரமான ஏற்றத்தில் அப்பா மிதித்தார். எஞ்சின் இரைந்தது, சக்கரம் அசையவில்லை. எண்ணெய் கருகும் மணம் வந்தது.

கேபிள் வேகத்துக்கு மட்டுமே என்று அதுவரை அப்பா நம்பியிருந்தார். பெட்டிக்குள் எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டுவதும் அதுதான். அந்த அழுத்தம் இல்லாமல் உள்ளே தகடுகள் ஒன்றையொன்று பற்றாமல் வழுக்கின. பொனற்றைத் திறந்து கேபிளைப் பிடித்தபடி நின்றார். கொளுவ ஊசி இல்லை. மடியில் தம்பியைக் கிடத்தியிருந்த அம்மா, கொண்டையிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார்.

“இஞ்சேருங்க, இது காணுமா?”

“காணும். ஆனாப் பழையபடி கத்தும்.”

“கத்தட்டும். புள்ளைக்கு உடம்பு கொதிக்கிது.”

கார் கத்திக்கொண்டே கரையேறியது.

கடைசிச் சாவடியில் கம்பத்தை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கே அப்பாவைத் தவிர எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடக்க, தம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு அம்மா காருக்கு முன்னே நடந்தார். இந்தக் கார் கத்தும், பயப்படவேண்டாம் என்று, தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் ஆமிக்காரரிடம் சொன்னார். அவர் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பத்தை உயர்த்தினார். தாண்டியதும் மறுபடி ஏறிக்கொண்டோம். அப்பா தயங்கினார். மிதிக்கும்படி அம்மாதான் கண்ணைக் காட்டினார்.

விளக்கு ஏற்றும் நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் தம்பிக்கு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் எழுந்து தின்னப் பணிஸ் கேட்டான்.

கேபிளுக்கு அப்பா வேறு ஊசி வாங்கிப் போடவில்லை. காரை விற்கும்வரை, ஒவ்வொரு சாவடியிலும் அம்மா முன்னே இறங்கிப்போய் அந்தச் சிங்கள வசனத்தைச் சொன்னார். வீட்டில் வேறெவருக்கும் சிங்களம் தெரியாது. அந்த வசனம் மட்டும் எங்கள் எல்லோருக்கும் பாடமாகிவிட்டது.